மூச்சு வாங்கும் இடம்

நாடகத்தின் கடைசிக் காட்சிப் பாட்டில் வரும் நீண்ட இழுப்பை ஒரே மூச்சில் பாடித்தான் ராஜா வேஷக்காரர் பேர் வாங்கினார். வயசாகிவிட்டது, இப்போது பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. ஆனால் அவர் வாயை மூடிக் காற்றை இழுக்கும்போதும் பாட்டு அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது.

தனக்கு முடியாத நாளில் ராஜா வேஷம் கட்ட வைத்திருந்த மாற்று நடிகன்தான் படுதாவுக்குப் பின்னால் நின்று பாடுகிறான் என்று சந்தேகப்பட்டார். அச்சு அசல் அவர் குரல் அவனுக்கு வரும். இன்றைக்குக் குரல் கொடுப்பவன் நாளைக்குக் கிரீடத்தைக் கேட்க மாட்டானா?

ஒருநாள் நாடகத்தின்போது அவனை முதல் வரிசையில், தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவளிடம், "அவன் வாயையே பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லி வைத்தார்.

பாதியில் மூச்சு வாங்கினார். பாட்டு நிற்கவில்லை.

நாடகம் முடிந்து மனைவி ஒப்பனை அறைக்கு வந்தாள்.

"அந்தத் தம்பி வாயே தொறக்கலங்க. அவரப் போய் சந்தேகப்பட்டீங்களே."

"அப்ப யாரு பாடுனது?"

"நல்லா கேட்டீங்க. நீங்கதான்."

அரங்கம் காலியாகி, விளக்கெல்லாம் அணைந்திருந்தது. இருட்டு மேடையிலிருந்து அவர் குரலில் அதே பாட்டு கிளம்பியது. இழுப்பின் பாதியில் அது மூச்சு வாங்க நின்றது.

மிச்சத்தை, கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய வாய் பாடிக்கொண்டிருந்தது.