புரிகிற மாதிரி

"இருபது வருஷம் சலவை ஃபாக்டரில வேலை பார்த்தேன் சார். விட்டு வரும்போது கொடுத்த பணம் நாலு லட்சம் இருக்கு. எதுல போட்டா நல்லது?"

எதிரே உட்கார்ந்த அம்மாள் இப்படிக் கேட்டதும் வாய்ஜாலம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். வங்கியில் அவருக்கு அதுதான் பெயர். முதலீட்டு பாலிசி விற்கும் மேசையில் பதினோரு வருடம். அவர் பேச ஆரம்பித்தால் கையெழுத்துப் போடாமல் யாரும் எழுந்து போனதில்லை.

"உங்களுக்குன்னே ஒரு பாலிசி இருக்கும்மா. லாக்கின் பீரியட் அஞ்சே வருஷம், மார்க்கெட் லிங்க்டு ரிட்டர்ன், கூடவே லைஃப் கவர்..."

அம்மாள் கால்மேல் கால் போட்டாள். வாய்ஜாலம் பாதியில் நிறுத்தினார்.

செருப்பின் அடியில் விலைச் சீட்டு இன்னும் பளபளவென்று ஒட்டியிருந்தது. அவர் பார்வை மெல்ல அவள் கைகளுக்குப் போனது. இருபது வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறிய கை இப்படியா இருக்கும்? ஒரு விரலிலும் ஒரு வெடிப்பு இல்லை.

இவள் நிஜமாகவே பணம் போட வந்தவள்தானா?

வாடிக்கையாளர் மாதிரியே ஆளை அனுப்பிச் சோதிக்கிறார்கள் என்று ஒரு மாதமாகவே பேச்சு. போன வாரம் பக்கத்துக் கிளையில், இதே வேலை பார்த்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: 'வாடிக்கையாளரிடம் பேசிய விதம் திருப்தியாக இல்லை.'

என்ன புளுகிவிட்டு மாட்டினாரோ! நாம் புளுகாத புளுகா? வீட்டில் வருமானம் என்றால் இந்தச் சம்பளம் ஒன்றுதான். இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் கல்லூரியில் காலெடுத்து வைத்து மூன்று மாதம் ஆகவில்லை.

"என்ன சார் நிறுத்திட்டீங்க? லாக்கின்னா என்ன?"

வாய்ஜாலம் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"பூட்டும்மா. அஞ்சு வருஷத்துக்கு உங்க பணத்தை நீங்களே தொட முடியாது."

"மார்க்கெட் லிங்க்டுன்னா?"

"பங்குச் சந்தை ஏறினா ஏறும். விழுந்தா உங்க பணமும் சேர்ந்து விழும். எவ்வளவு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும்தான்."

அவர் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜர் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தார்.

"வருஷா வருஷம் கட்டணும்மா. முதல் வருஷம் கட்டுறதுல பெரிய பங்கு செலவு, கமிஷன்னு போயிடும். அப்புறம் சரண்டர் சார்ஜ்னு ஒண்ணு இருக்கு. நடுவுல வேண்டாம்னா நாங்க வெட்டிக்கிறது. ரெண்டு வருஷத்துக்குள்ள கட்டுறதை நிறுத்திட்டீங்கன்னா, அந்த அஞ்சு வருஷம் முடிஞ்சு கைக்கு வரும்போது போட்டதுல பாதிகூடத் திரும்பி வராது."

அம்மாளின் முகம் வெளிறியது. "நிஜமாவா? பாதிகூடவா?" கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைக்கு மேல் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

அடேயப்பா, என்ன நடிப்பு! வாய்ஜாலத்துக்குப் பயம் இன்னும் கூடியது. பயம் கூடக்கூட உண்மையும் கூடவே வந்து விழுந்தது.

"அம்மா, நான் சொல்றேன், உங்களுக்கு இது வேண்டாம். பேசாம ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுடுங்க. வட்டி கொஞ்சம்தான். ஆனா படுத்தாத் தூக்கம் வரும்."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. இருந்தாலும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

அம்மாள் பைக்குள் கைவிட்டு ஒரு அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். தலைமை அலுவலகம், விற்பனைச் சோதனைப் பிரிவு.

"அப்பவே நினைச்சேன் மேடம்," என்று அசடு வழிந்தார் வாய்ஜாலம். "எதையும் மறைக்கலையே? எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வெச்சுட்டேன் இல்லையா?"

"அதான் சார் தப்பு." அவள் ஒரு தாளை எடுத்து மளமளவென்று டிக் அடித்தாள். "நாலு லட்சத்தோட வந்தவளை டெபாசிட் பக்கம் திருப்பிவிட்டீங்க. இவ்வளவு புரியற மாதிரி சொன்னா அப்புறம் யார் சார் பாலிசி எடுப்பாங்க? பத்துக்குப் பூஜ்யம்."

வாய்ஜாலம் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கிளைக்காரர் என்ன பேசி வேலையை இழந்தார் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மேடம்... இந்த ஒரு தடவை... ரெண்டு பொண்ணுங்க மேடம்..."

அவள் தாளை மடித்துப் பைக்குள் செருகினாள். ஆனால் எழுந்து போகவுமில்லை.

கண்ணாடி அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, கிசுகிசுத்த குரலில் சொன்னாள்:

"சார், எங்கப்பா வீட்டை வித்த பணத்தைப் போன வருஷம் நான் இதே பாலிசிலதான் போட்டேன்."