சட்டைத் தண்ணீர்

அப்பா பெல்ஜியத்துக்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனபின், கலாப்ரியாவில் எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கப்படி, அவர் விட்டுச்சென்ற சட்டையொன்றை அம்மா சனிக்கிழமைதோறும் துவைத்தாள். பெட்டியில் மடித்தே கிடந்த சட்டைதான். ஆனால் அலசினால் தண்ணீர் கரிக் கறுப்பாக இறங்கும்.

"உம் புருஷன் ராத்திரி வந்து போட்டுட்டுப் போறானாடி, அசுந்தா?" என்று ஊர்த் தொட்டியில் துவைத்துக்கொண்டே நுன்சியா அத்தை கிண்டல் செய்வாள்.

"வந்தா உங்ககிட்ட சொல்லாமலா இருப்பேன்? அழுக்கு வந்தா மனுஷன் ஒழுங்கா வேலைக்குப் போறார்னு அர்த்தம்க்கா," என்பாள் அம்மா.

ஒருவழியாக நாங்களும் அவரிடம் போக அனுமதி கிடைத்தது. ரயிலில் போட்டுக்கொள்ள அம்மா தனக்கு நீல கவுன் ஒன்று தைத்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நுன்சியா அத்தை தன் சோப்பை நீட்டினாள்.

"நல்லாத் தேய்ச்சுப் பாருடி." இந்த முறை கிண்டல் இல்லை.

அம்மா தேய்த்தாள். தண்ணீரில் அவள் முகம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அண்டாவில் வெந்நீர் வைத்தாள். எங்கள் ஊர் விதவைகள் துணிக்கு ஏற்றும் கறுப்புச் சாயத்தைக் கரைத்து, நீல கவுனை அதில் அமுக்கினாள்.

சுரங்கம் தீப்பிடித்த செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தபோது, கவுன் காய்ந்திருந்தது.