மெழுகா, ரப்பரா?

"காலத்துக்கும் நிக்கணும்யா! நாளைக்கு என் பேரன் பேத்தி எல்லாம் இதுலதான் உக்காரணும்!"

பக்தவச்சலம் போட்ட சத்தத்தில், குளியலறைத் தரையில் குந்தியிருந்த பிளம்பர் சுந்தர்சிங் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். பேரன் பேத்தி உட்காரப்போவது சிம்மாசனத்தில் அல்ல. செம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்கே முதன்முதலாக வந்து இறங்கியிருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டில்.

எல்லாம் மனைவி தனத்தின் முட்டி வலியால் வந்தது. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், "என்னங்க, கொஞ்சம் கை குடுங்க" என்று அவள் உள்ளேயிருந்து கூப்பிடுவதும், இவர் போய்த் தூக்கிவிடுவதும் ஒரு வருஷமாக நடக்கிற கூத்து. பாவம், எத்தனையோ நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறாள். காலண்டர் மாட்டக்கூடச் சுவரில் ஆணி அடிக்காமல் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்த மனுஷன், அவளுக்காகத் தரையையே பெயர்க்கத் துணிந்துவிட்டார்.

இப்போதைய சண்டை, கோப்பைக்கும் அடியில் இருக்கும் குழாய்க்கும் நடுவில் வைக்கிற வளையத்தைப் பற்றி. மெழுகு வளையமா, ரப்பர் வளையமா? இந்த மகத்தான சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பக்தவச்சலம் அமெரிக்காவில் இருக்கும் மச்சானுக்கு ஐ.எஸ்.டி. போட்டே பேசியிருந்தார். மச்சானும் ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு மெழுகு வளையத்தைக் கொடுத்தனுப்பினான். அமெரிக்கா பார்சல் என்றதும் சென்ட்டோ சோப்போ என்று ஆசையாகப் பிரித்து முகர்ந்து பார்த்த தனம், அன்று முழுக்கத் தன் தம்பியை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தாள்.

"ரப்பரே போட்டுக்கலாம் சார்," என்றார் சுந்தர்சிங். "குரோம்பேட்டைக் கடைலயே கீது. நாளைக்கி எதுனா ஒண்ணுன்னா அலுங்காம கழட்டி வேற எங்கனா மாட்டிக்கலாம். மெழுகு ஒருவாட்டிதான் சார். அமுக்கிட்டா அவ்ளோதான், அசைச்சா போச்சு."

குரோம்பேட்டைக் கடைக்காரர் சுந்தர்சிங்கின் மைத்துனர் என்பது வேறு விஷயம்.

"மாட்டுறதுக்கு முன்னாடியே கழட்டுறதைப் பத்திப் பேசுறியே, நல்லா இருக்கா? எதுக்குய்யா கழட்டணும்? அமெரிக்காக்காரன் என்ன முட்டாளா?"

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து பொன்னுரங்கம் இறங்கி வந்தார். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்தில் விவசாயம் பார்த்தவர். இப்போது வயல் எல்லாம் மனையாகிப் போனதால், தோளில் துண்டோடு அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம்.

"சார் சொல்றதுதான் கரீட்டு. ரப்பர்லாம் பேஜாரு, விரிசல் வுட்டுரும். அமெரிக்கா சரக்கே போடுங்க. சுத்தி சிமெண்டு வச்சிப் பூசிருங்க, ஆடவே ஆடாது. தாராளமா செய்யுங்க சார்!"

பக்தவச்சலத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. "பாத்தியா? வெவரம் தெரிஞ்சவங்க எப்படிப் பேசறாங்க பாரு!" என்று பிளம்பரைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டினார். சுந்தர்சிங் மெழுகை வைத்து, கோப்பையை அமுக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்.

சிமெண்ட் காய்ந்ததும் பக்தவச்சலம் தண்ணீர்த் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். தேங்காய் உடைக்கப் போனவரைத் தனம் தலையில் அடித்துக்கொண்டு தடுத்தாள். ஆனால் அவளே முதலில் உள்ளே போய், யாரையும் கூப்பிடாமல் தானாக எழுந்து வெளியே வந்தபோது, அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சேதி கேட்டு, பொன்னுரங்கத்தின் தாயார் அங்காளம்மாள் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். மூடியின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்த்தாள். "சொகமாத்தான் கீது!" என்று சான்றிதழ் வழங்கினாள். அதற்குப் பிறகு தினமும் ஒருமுறை வந்து பார்க்காமல் அந்த அம்மாளுக்குப் பொழுது போகவில்லை. பக்தவச்சலமும் மியூசியத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி, மெழுகின் மகிமையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னுரங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

"சார், ஒரு ஒதவி. அம்மாவுக்கும் முட்டி வலி. மாடி ஏறி எறங்கவும் முடில, குந்தவும் முடில. ராவெல்லாம் ஒரே பொலம்பல்."

"அடடா, இதைச் சொல்ல இவ்வளவு தயக்கமா? நம்ம டாய்லெட் எதுக்கு இருக்கு? எப்ப வேணாலும் வரச் சொல்லுங்க," என்றார் பக்தவச்சலம், வள்ளல் தோரணையில்.

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

"அது எதுக்கு சார் ஒங்களுக்குத் தொந்தரவு? இந்த மாசம் வாடகை வாணாம், வூட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க."