கொட்டை ஓட்டுக்குக் காவல்

பட்டமளிப்பு முடிந்து உகோச்சி ஊர் வந்து சேர்ந்தபோது அம்மாவின் அடுப்பு அணைந்து கிடந்தது. கர்ரி என்னும் மரவள்ளி ரவையாக வறுத்து விற்பதற்காகத் துருவிப் பிழிந்த மாவு, மூட்டையிலேயே புளித்து நாறியது.

"என்னம்மா, இன்னிக்கு எகே சந்தை நாளாச்சே. வறுக்கலையா?"

"எதை வச்சு எரிக்கிறது? உன் படிப்பை வச்சா?"

"பாமாயில் ஆலைக்குப் பின்னாடி பனங்கொட்டை ஓடு மலையாக் கிடக்குமே. கூடை கூடையா அள்ளிட்டு வருவியே."

"அதெல்லாம் போச்சு. இப்ப சுத்தி முள்கம்பி, வாசல்ல காவல்காரன். அள்ளப் போனா திருடின்னு விரட்டுறான். ஓடெல்லாம் லாரி லாரியா ஓவெரி டவுனுக்குப் போகுது. ஜல்லிக்குப் பதிலா அதைப் போட்டுக் கான்கிரீட் பண்றாங்களாம். கனமே இல்லையாம்."

உகோச்சி தோளில் தொங்கிய பையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"எவனோ படிச்சவன் கண்டுபிடிச்சானாம். ஒரு நாளாவது அடுப்பு மூட்டியிருப்பானா? அவன் வீட்டு அடுப்பும் இப்படியே அணைஞ்சு கிடக்கணும்!"

திட்டி ஓய்ந்த அம்மா, மகளின் பையில் துருத்திக்கொண்டிருந்த தடித்த புத்தகத்தை உருவினாள். கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் தடவினாள். எழுதப் படிக்கத் தெரியாது.

"இதுதான் உனக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்ததா? என்னடி எழுதியிருக்கு?"

"உள்ளே முதல் பக்கத்துல உன் பேருதாம்மா. அடுப்புல வெந்து என்னைப் படிக்க வச்ச அம்மாவுக்குன்னு."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. "மேலே பெருசா இருக்கே, அது?"

"அது சும்மா, தலைப்பு."

அட்டையில் பொன்னெழுத்தில் இருந்தது: 'யாருக்கும் பயன்படாத கழிவான பனங்கொட்டை ஓட்டிலிருந்து இலேசான கான்கிரீட்.'