முடியாத வேலைகள்

"வெறுமனே வலிக்குதுன்னு எழுதினா எவன் நம்புவான்? எதெது செய்ய முடியலைன்னு எழுதுய்யா" என்று கூட்டாளி சொல்லிக் கொடுத்திருந்தான். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாக இடுப்பு வலியோடு மல்லுக்கட்டும் பெயிண்டர், உதவித்தொகை மனுவில் வெளுத்து வாங்கியிருந்தார்.

அதைப் படித்த அதிகாரியம்மா உச்சுக்கொட்டினார்.

"வீடு பெருக்க முடியாது, துணி துவைக்க முடியாது, சாப்பிட்ட தட்டைக் கழுவ முடியாது, தண்ணிகூட எடுத்துக் குடிக்க முடியாது... அடப் பாவமே! இதையெல்லாம் யார் செய்றாங்க?"

"நான்தாங்க மேடம்" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

பெயிண்டருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. 'கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லு' என்று அவளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தித்தான் கூட்டி வந்திருந்தார்.

"எத்தனை வருஷமா செய்றீங்க?"

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்துங்க. இருபத்தோரு வருஷம் ஆச்சு."

அதிகாரியம்மா பெயிண்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, மனுவின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'விபத்தால் இவருடைய அன்றாட வாழ்க்கையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.'