நாலு புள்ளி சைபர் சைபர்

4.00.

காலையிலிருந்து கன்ட்ரோல் ரூம் திரையில் அதே எண்.

இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பதிவேட்டின் பதினொரு மணிக் கட்டத்தில் எழுதினேன். மேலே பத்து மணிக் கட்டத்திலும் அதுதான். ஒன்பதிலும் அதுதான்.

வெளியே, குழியின் விளிம்பில், அத்தான் வெல்டிங் ராடோடு நிற்கிறார். அக்காவின் புருஷன். உள்ளே இறங்கி ஒரு குழாயை ஒட்ட வேண்டும். குழிக்குள் எரிவாயு இருந்தால் ஒரு பொறி போதும். இல்லை என்று நான் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டால்தான் இறங்கலாம்.

"மச்சினிச்சி கையெழுத்துப் போடறதுக்குள்ள எனக்கு ரிட்டையர்மென்ட்டே வந்துரும்போல," என்று வாக்கி டாக்கியில் சிரித்தார்.

நான் பேனாவைத் தொடவில்லை.

குழிக்குள், அத்தான் நிற்கும் இடத்திலிருந்து தெரியாத மறுகோடியில், மேலிருந்தே கை எட்டும்படி ஒரு சென்சார் இருக்கிறது. வாயு இல்லையென்றால் கம்பியில் நாலு மில்லியாம்பியர் அனுப்பும். வாயு ஏற ஏற எண்ணும் ஏறும், உச்சம் இருபது. சைபர் வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கும் ஆள் உசிரோட இருக்கணும்ல, அதுக்குத்தான் அந்த நாலு" என்பார் சென்சார்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். வாயைத் திறந்தால் மில்லியாம்பியர்தான். அதனால் எல்லோருக்கும் அவர் மில்லி அண்ணன்.

பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.

போன வாரம் 4.01. 3.99. 4.02. சுத்தமான காற்றிலும் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

திங்கள்கிழமையிலிருந்து ஆடவில்லை.

போன வாரம் அந்த சென்சார் இரண்டு முறை காரணமில்லாமல் கத்தி, வேலையை நிறுத்தியது. மேனேஜரிடம் மில்லி அண்ணன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவரிடம் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. சென்சாருக்குப் பதிலாக அதைக் கம்பியில் மாட்டிக் குமிழைத் திருகினால், வேண்டிய எண் திரையில் வரும். மீட்டரைச் சோதிப்பதற்காக வைத்திருப்பது. எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும்.

திங்கள்கிழமையிலிருந்து தொங்கவில்லை.

நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. தவறாக இருந்தால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கென்ன பயம்? ஆனாலும் இடது கை பைக்குள்ளேயே இருந்தது.

வாக்கியை எடுத்தேன்.

"அண்ணே, ஒரு தடவை லைட்டர் டெஸ்ட் பண்ணிடுங்களேன்."

பற்றவைக்காமல், லைட்டரின் வாயுவை மட்டும் சென்சாரின் மேல் விட்டுப் பார்ப்பது. எண் ஏறினால் சென்சார் நன்றாக இருக்கிறது. கேட்டிலேயே வாட்ச்மேன் எல்லோருடைய தீப்பெட்டியையும் லைட்டரையும் வாங்கி வைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று. அது மில்லி அண்ணனின் கருவிப் பையில் இருக்கும்.

"அத்தான் மேல அவ்வளவு பாசமா? பண்ணிட்டாப் போச்சும்மா."

செய்த வேலையை மறுபடி செய்யச் சொன்னால் எரிந்து விழுகிற மனுஷர். இன்று குரலில் தேன் ஒழுகியது.

அரை நிமிஷம்.

"லைட்டரப் பிடிச்சிட்டேன். பாரு."

5.00. 8.00. 12.00. அலாரம் கத்தியது. அடுத்த நொடியே மறுபடி 4.00.

"சந்தேகம் தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சுண்ணே."

"அப்ப நான் இறங்கவா?" என்றார் அத்தான்.

"இறங்காதீங்க அத்தான். மேலயே நில்லுங்க."



பெர்மிட்டின் மேல், கையெழுத்து விழ வேண்டிய இடத்தில், வியர்த்துப்போயிருந்த இடது கையைக் கொண்டுவந்து விரித்தேன்.

காலையில் மில்லி அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தபோது அவர் பையிலிருந்து நான் எடுத்த லைட்டர்.

அதைக் காணோமே என்றுகூட அவர் தேடவில்லை.