ஆறு ஷாக்

மனைவியின் நெஞ்சுக்குள் வைத்த கருவி, துடிப்பு தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து அடக்கும். "கழுதை உதைக்கிற மாதிரி இருக்குங்க" என்று அழுவாள். டாக்டர் துடிப்பைச் சீராக்கப் புது மாத்திரை எழுதினார். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவர் தினமும் காலையில் அதைத் தன் கையாலேயே கொடுத்தார். மூன்று மாதமாக அவள் அழவே இல்லை.

பரிசோதனையில், கருவியின் பதிவைப் பார்த்த நர்ஸ் திகைத்தாள். "ஆறு ஷாக் போயிருக்கேம்மா. ஒண்ணுகூடவா தெரியல?"

"சத்தியமா இல்லம்மா."

நர்ஸ் தேதியும் நேரமும் வாசித்தாள். கணவருக்கு ஆறும் மனப்பாடம். முதல் தடவை கையில் சவரக்கத்தி இருந்தது. வாடிக்கையாளரின் காது மயிரிழையில் தப்பியது. கணவரின் நெஞ்சில் கருவி எதுவும் கிடையாது. கழுதை மட்டும் உதைத்தது.

"மாத்திரையை மாத்திப் பார்க்கலாமா?" என்றார் டாக்டர்.

"வேண்டாம் சார். இதுவே இருக்கட்டும்" என்றார் கணவர். "அந்த பேட்டரி இன்னும் எத்தனை ஷாக் தாங்கும்?"

"நூறு ஷாக்காவது தாங்கும்."

சரியென்று தலையாட்டினார். போகிற வழியில் அதே மாத்திரையை வாங்கினார். கடைக்குப் போனதும் கத்திகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் பலகை மாட்டினார்: 'இனி சவரம் கிடையாது.'